வருகைப் பதிவேட்டில் இல்லாத கை

விடிவதற்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. ஆழ்வார்பேட்டையில் அந்தத் தனியார் மருத்துவமனையின் ஏழு மாடிகளும் உறங்கிக்கொண்டிருக்க, தரைக்குக் கீழிருந்த சலவைக் கூடம் மட்டும் வெந்துகொண்டிருந்தது. மூன்று பெரிய இயந்திரங்கள் வயிறு குலுங்கத் துணி துவைத்தன. நீராவியும் குளோரினும் கலந்த காற்று மூக்கில் நுழைந்து தொண்டையில் முள்ளாய் நின்றது. மாடிகளிலிருந்து அழுக்கு மூட்டைகள் தொப்புத் தொப்பென்று வந்து விழுந்தன. இரத்தம் தோய்ந்தவை ஒரு பக்கம், மலம் தோய்ந்தவை ஒரு பக்கம், அறுவை அரங்கத்துப் பச்சைத் துணிகள் தனியே. பிரிக்கும்போது விரல்களே கண்களாக வேண்டும். மடிப்புக்குள் ஊசி இருக்கும். உடைந்த மருந்துக் குப்பி இருக்கும். ஒருமுறை யாரோ ஒரு முதியவரின் பல்செட்டே இருந்தது.

சூடாமணி இஸ்திரி உருளையின் முன் நின்றாள். ஆள் நீளமுள்ள இரண்டு உருளைகள் கொதிக்கும் நீராவியை உள்ளே அடக்கிக்கொண்டு ஒன்றையொன்று உரசிச் சுழன்றன. ஈரப் போர்வையின் விளிம்பை இரு கைகளாலும் விறைப்பாகப் பிடித்து அவற்றின் இடுக்கில் ஊட்ட வேண்டும். முன்பு அங்கே ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரல் அதன்மேல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். மணிக்கு நான்கைந்து முறை அவ்வாறு நின்றது. ஆகவே ஒப்பந்தக்காரர் ஸ்ரீகிருஷ்ணா கம்பியைக் கழற்றச் சொன்னார். அதன்பின் இயந்திரம் நிற்கவேயில்லை.

ஐந்தரை மணிக்கு அவளுடைய கைப்பேசி துடித்தது. கணவர் கிச்சா பேசினார்.

"சூடா, கையில ஊசி குத்தற எடத்துல இரத்தம் கசியறது. துண்டக் கட்டிண்டு உக்காந்திருக்கேன். சென்டர்ல உடனே வரச் சொல்றா. பதறாதே, ஆனா சீக்கிரம் வா."

கல்யாணச் சமையலில் இருபது ஆண்டுகள் அடுப்பு முன் நின்ற மனிதர் அவர். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து, இப்போது வாரத்திற்கு இருமுறை வடபழனியில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் படுக்கிறார். அந்தச் சிகிச்சையைத் தருவது சூடாமணியின் தொழிலாளர் காப்பீட்டு அட்டை. சலவைக் கூடத்தில் அதற்குப் பச்சைக் கார்டு என்று பெயர். குடும்ப அட்டையை வைத்து ஏழைகளுக்கு அரசு தரும் மற்றொரு காப்பீட்டிற்கு ஊதாக் கார்டு என்று பெயர். அங்கிருந்த பன்னிரண்டு பெண்களிடமும் இரண்டும் இருந்தன. இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

பச்சைக் கார்டு உயிரோடிருக்க வேண்டுமானால் வேலை உயிரோடிருக்க வேண்டும். மாதத்தில் மூன்று நாள் வராதவளின் பெயரை ஒப்பந்தக்காரர் அடித்துவிடுவார். விடுப்பு என்னும் சொல்லே அங்கில்லை. அதற்குப் பெண்கள் கண்ட வழி இது: ஒருத்திக்கு அவசரம் என்றால், அன்று வார ஓய்விலிருக்கும் மற்றொருத்தி வந்து அவள் பெயரில் நிற்பாள். பெயர் பொறித்த மேலங்கியை மாட்டிக்கொண்டால் போதும். பின்னொரு நாள் இவள் அவளுக்காக நின்றால் கணக்கு நேராகிவிடும். மேற்பார்வையாளன் சேரனுக்கும் இது தெரியும். "பேரு நின்னா போதும், ஆளு யாரா இருந்தா எனக்கு இன்னா?" என்பான்.

அன்று செவ்வாய்; சகினாவுக்கு ஓய்வு நாள். ஐஸ்ஹவுஸில் குடியிருப்பவள், வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. அழைத்த கால் மணி நேரத்தில் கணவன் மெஹபூப் பாஷாவின் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"குடு மாமி அங்கிய. இன்னிக்கு நான் மயிலாப்பூர் மாமி. இந்த உருளைக்கு ஒரு டம்ளர் டிகாஷன் ஊத்திட்டுத்தான் வேலய ஆரம்பிப்பேன்."

"வாயாடாதேடி. போர்வையோட ஓரத்தப் பாத்துப் பிடி."

"நீ ஒன் வூட்டுக்காரரப் போய்ப் பாரு மாமி. கெளம்பு, கெளம்பு."

வடபழனியில் கிச்சாவின் கசிவு நின்று, அவரை இயந்திரத்தோடு பிணைத்தபோது மணி பத்து. அப்போது சலவைக் கூடத்திலிருந்து இசக்கியம்மாள் அழைத்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் பிழைக்க வந்தவள். எதற்கும் குரல் நடுங்காதவள். இன்று நடுங்கியது.

"ஏட்டி சூடாமணி, சகினா கைய உருளை இழுத்துட்டு. மணிக்கட்டு வரைக்கும் போயிட்டு. நீ வா."

*

அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சகினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலக்கையை அறுவை அரங்கத்துப் பச்சைத் துணியால் சுற்றியிருந்தார்கள். அன்று காலை அவளே துவைத்து மடித்த துணி. மாலைக்குள் அறுவை செய்தால் நான்கு விரல்களையும் காக்க முயலலாம், தாமதித்தால் வாக்குக் கொடுக்க இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காப்பீட்டு மேசையில் சாருலதா என்னும் இளம்பெண் அமர்ந்திருந்தாள். இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"வேலை செய்யும்போது அடிபட்டா, பச்சைக் கார்டுல முதல் நாள்லேர்ந்தே எல்லாம் உண்டுங்க. ஆனா கம்பெனி விபத்து அறிக்கை தரணும். சகினாவுக்கு இன்னிக்கு வார ஓய்வுன்னு கம்பெனி எழுதி அனுப்பியிருக்கு."

"உள்ளாறதானம்மா அடிபட்டுச்சு?" என்றான் மெஹபூப் பாஷா. "ரத்தம் இன்னும் தரையில கீது. வந்து பாரு."

"வேலையில இல்லாதப்போ அடிபட்டதுன்னா, எழுபத்தெட்டு நாள் வேலை செஞ்சிருக்கணும்ங்க. இவங்களுக்கு ஐம்பத்தொண்ணுதான்."

"அப்ப ஊதாவுல போடு."

"போட்டுப் பாத்தேன். பச்சையில பேர் இருக்கறதால ஊதா பூட்டிக்கிச்சு. பச்சையில இவங்களுக்கு இல்லைன்னு பச்சைக் கார்டு ஆபீஸ்ல ஒரு கடிதம் தந்தா திறக்கும்."

"தருவாங்களா?"

"கேட்டேன். எங்க உறுப்பினர்தானே, இல்லைன்னு எப்படி எழுதித் தர்றதுன்னு சொல்றாங்க."

மெஹபூப் பாஷா இரண்டு அட்டைகளையும் கையிலெடுத்துப் பார்த்தான். "ரெண்டு வெச்சிருக்கறது குத்தமா? ஒண்ணுமே இல்லாம வந்திருந்தா?"

சாருலதா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணுமே இல்லாம வந்திருந்தா, இன்னிக்கே ஊதாவுல புதுசாச் சேத்திருப்பேங்க."

சூடாமணி வாயைத் திறந்தாள். அன்று சகினா தன் பெயரில் நின்றாள் என்னும் ஒரு வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. அந்நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ரீகிருஷ்ணா நுழைந்தார். இஸ்திரி குலையாத சட்டை, இனிக்கும் குரல்.

"யாரும் கவலப்பட வேண்டாம். நான் பாத்துக்கறேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு கெளம்பாதீங்க, அங்க வரிசையில கெடக்கணும். சாயங்காலத்துக்குள்ள இங்கயே முடிச்சுக் குடுத்துடறேன். என் வார்த்தை."

அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்து காவல்துறையின் ஏட்டில் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அங்கிருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. அவருடைய வார்த்தையை நம்பி ஐந்து மணி வரை காத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது.

மெஹபூப் பாஷா மனைவியைத் தன் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே எவரும் எந்த அட்டையையும் கேட்கவில்லை. கையைப் பார்த்தவுடனே உள்ளே கொண்டு போனார்கள். ஆனால் அந்தக் கை ஒரு பகல் முழுவதும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே கிடந்து கறுத்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

*

மறுநாள் விடியற்காலை வந்த முதல் மூட்டையில் சூடாமணியின் மேலங்கி இருந்தது. அவளுடைய பெயருக்குமேல் சகினாவின் இரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அங்கியைக் கறை போகத் துவைத்து உடனே மாட்டிக்கொள்ளும்படி மேலிடத்து உத்தரவு என்றான் சேரன். விபத்து நடந்த நாற்பதாம் நிமிடத்தில் உருளையைத் துடைத்து மீண்டும் ஓட்டியிருந்தார்கள். முதலில் வெளிவந்த ஏழு போர்வைகள் இளஞ்சிவப்பாக வந்தனவாம்.

பிற்பகல் அவளைத் தியாகராய நகர் அலுவலகத்திற்கு வரச் சொன்னார்கள். கீழே புடவைக் கடை. மேலே குளிரூட்டிய சிறிய அறை. அவள் வேலை செய்த மூன்றாண்டுகளில் ஒருமுறையும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்திராத ஸ்ரீகிருஷ்ணா எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கோ மாமி. காபி சாப்பிடறேளா? நீங்க நம்ம மனுஷான்னு இத்தன நாள் எனக்குத் தெரியவே இல்ல. ஒங்க ஆம் சித்திரக்குளத்துப் பக்கம்தானே இருக்கு? மாமாவுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

உறவினர்களிடம் மருத்துவமனை அலுவலகத்தில் வேலை என்று சொல்லிவந்தவள் அவள். யாரோ ஒருவர் தன்னை இன்னாள் என்று அடையாளம் கண்டு மாமி என்று அழைத்தது, வெட்கக்கேடு, அவளுடைய நெஞ்சை ஒரு கணம் குளிர்வித்தது.

அவர் ஒரு தாளை நகர்த்தினார். செவ்வாயன்று சூடாமணியாகிய நான் முழு நேரமும் பணியிலிருந்தேன். சகினா என்பவர் ஓய்வு நாளில் அனுமதியின்றி உள்ளே நுழைந்து, தாமே இயந்திரத்தில் கைவைத்தார் என்றிருந்தது.

"இது பொய் சார்."

"நெஜம் என்னன்னு சொல்லட்டுமா? ஆள்மாறாட்டம். ஒங்க பேர்ல அவ நின்னா. விசாரணைன்னு வந்தா மொதல்ல ஒங்க கார்டத்தான் நிறுத்துவா. மாமாவுக்கு வியாழக்கிழமை டயாலிசிஸ், இல்லியா? ஊதாக் கார்டுக்குப் போலாம்னு பாக்காதேள். அதுவும் பூட்டித்தான் இருக்கும். நேத்திக்கே நீங்க பாத்தேளே." குரலைத் தாழ்த்தினார். "அவாளுக்கு எங்கேர்ந்தாவது பணம் வந்துடும், மாமி. அவா கூட்டம் பெருசு. நமக்கு யாரு இருக்கா?"

சூடாமணி கையெழுத்திட்டாள். காபி ஆறிப் போயிருந்தது, அதையும் குடித்தாள்.

*

வீட்டில் கிச்சா சுவரில் சாய்ந்து, வீங்கிய கால்களைத் தலையணைமேல் நீட்டியிருந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை; மறைக்கத் தெரியாது. சொல்லி முடித்ததும் அவர் கையில் ஊசி குத்தும் இடத்தைத் தடவிக்கொண்டார்.

"எனக்குச் சாகப் பயமாத்தான் இருக்கு, சூடா. வீரம் பேசறேன்னு நெனைச்சுக்காதே."

"அதனாலதான போட்டேன்."

"தெரியும். ஆனா ஒண்ணு சொல்லு. நாளைக்கு நான் போய் அங்க படுத்துப்பேன். என் இரத்தம் கொழாயில ஓடறதப் பாத்துண்டே நாலு மணி நேரம் கெடக்கணும். வேற எங்கயும் திரும்ப முடியாது. அந்த நாலு மணி நேரமும் நான் என்னத்த நெனைச்சுக்கறது?"

சூடாமணி அவருடைய கால் தலையணையைச் சரிசெய்தாள். அவர் விடவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் எத்தன ஆபரேஷன் இருக்கோ. மாசாமாசம் வரவேண்டிய நஷ்டஈட்டுப் பணம் சாகறவரைக்கும் வரணும். வேலையில போன கைதான்னு ஏட்டுல ஏறினாத்தான் வரும். நீ போட்டது கையெழுத்து இல்லடி. மிச்சமிருந்த கட்டைவிரலையும் வெட்டிட்டே."

கொடிய சொல்தான். சொன்னவரும் அதைத் தாங்கமாட்டாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

*

வியாழன் விடியற்காலை, முதல் மூட்டையை அவிழ்க்குமுன் சூடாமணி பத்துப் பெண்களின் முன்னிலையில் தான் கையெழுத்திட்டதைச் சொன்னாள். சுடுநீர்க் குழாய் சீறிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி, "தூ!" என்றாள். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

"துப்பி முடிச்சாச்சா?" என்றாள் இசக்கியம்மாள். "இப்பம் நான் கேக்கேன். போன மாசம் எனக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தேன்லா, என் பேர்ல நின்னது யாரு?"

"நான்," என்றாள் துப்பியவள்.

"ஒன் பிள்ளைக்கு மொட்ட போட நீ வடபழனி போனப்பம் யாரு நின்னா?"

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"நம்ம பதினோரு பேர்ல அடுத்தவ பேர்ல நிக்காதவ ஒருத்தி இருந்தா முன்னால வா. அவ துப்பட்டும்."

ஒருத்தியும் வரவில்லை. உருளை தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது.

"அவரு கணக்கு என்ன தெரியுமா?" என்றாள் சூடாமணி. "ஒருத்தி சொன்னா அவ கள்ளி, அவ கார்டு போயிடும். அதனால ஒருத்தியும் சொல்ல மாட்டான்னு நெனைக்கறார். நான் இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு காப்பீட்டு ஆபீசுக்குப் போறேன். நான் கையெழுத்துப் போட்டது பொய்ன்னு சொல்லப் போறேன். யாரையும் கூப்பிடல."

"கூப்பிடாட்டா வரமாட்டோமாக்கும்!" என்று கழுத்தை நொடித்தாள் இசக்கியம்மாள்.

அன்று காலை அவர்கள் துணியைப் பிரித்த முறை வேறு. அறுவை அரங்கத்துத் துணி, தீவிரச் சிகிச்சைத் துணி, குழந்தைகள் பிரிவுத் துணி ஆகிய மூன்றும் முன்னைவிட விரைவாய்த் துவைத்து மேலே ஏறின. ஏழாம் மாடிச் சொகுசு அறைகளின் போர்வைகள் மட்டும் மின்தூக்கியின் வாயிலில் அழுக்காகவே குவிந்தன. உருளையின் மின்விசையை அணைத்துவிட்டு, ஈரத்துணிகளைக் கொடிகளில் உலர்த்தினார்கள்.

எட்டு மணிக்கு ஸ்ரீகிருஷ்ணாவே படியிறங்கி வந்தார். நீராவி பட்டவுடன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரு சொல்லி உருளைய நிறுத்தினீங்க?"

"அதுக்குக் கம்பி போடுங்க சார், ஓடும்," என்றாள் ஒருத்தி.

"சகினா பேர்ல விபத்து அறிக்கை எழுதிக் குடுங்க. ஏழாம் மாடிக்குப் போர்வை ஏறும்," என்றாள் சூடாமணி.

அவர் அவள் பக்கம் திரும்பினார். மாமி என்னும் சொல் எங்கோ போய்விட்டிருந்தது. "நீ கையெழுத்துப் போட்ட தாள் என்கிட்ட இருக்கு. மறந்துட்டியா?"

"மறக்கல. ஒங்க அறையில எனக்கு நாற்காலி போட்டேள், காபி குடுத்தேள். எல்லாத்தையும் ஆபீசர்கிட்டச் சொல்றேன்."

"போலீசக் கூப்பிடுவேன். பதினோரு பேரும் ஆள்மாறாட்டம். பதினோரு பேரும் உள்ள போவீங்க."

"பெரிய வண்டியா வரச் சொல்லும்," என்றாள் இசக்கியம்மாள். "நாங்க உள்ள போயிட்டா நீரு வந்து இந்தப் பீத்துணியப் பிரியும். மடிப்புல ஊசி இருக்கும். கை பத்திரம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவர் படியேறும்போது நாளைக்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். வரக்கூடும் என்பது அந்தச் சிரிப்பு அடங்கியபோது எல்லாருக்கும் தெரிந்தேயிருந்தது.

*

காப்பீட்டு அலுவலகத்தில் நடுவயது அதிகாரி ஒருவர், பதினொரு பெண்கள் ஒருசேர வந்து நிற்பதைக் கண்டு கண்ணாடியைக் கழற்றினார். மெஹபூப் பாஷாவும் வந்திருந்தான். மருத்துவமனையில் சகினா இடக்கையால் பெருவிரல் ரேகை வைத்த மனு அவனிடம் இருந்தது. அவள் நன்றாகக் கையெழுத்திடத் தெரிந்தவள், வலக்கையால்.

அதிகாரி மனுவைப் படித்தார். "இவங்க வேலையில இருந்ததுக்கு என்னம்மா ஆதாரம்? பதிவேட்டுல பேரே இல்லையே."

"பதிவேட்டுல இருக்கற பேர் நான்தான். நிக்காதவளும் நான்தான்," என்றாள் சூடாமணி.

அவர் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க அட்டை விசாரணைக்குப் போகும். கணவருக்கு டயாலிசிஸ்னு இங்க இருக்கு. விசாரணை முடியறவரைக்கும் அது நிக்கலாம், நிக்காமலும் போகலாம். என்னால எதுவும் சொல்ல முடியாது. யோசிச்சீங்களா?"

"அவர் இப்ப படுத்துண்டுதான் இருக்கார் சார். இன்னிக்கு வியாழன். அவர்தான் போயிட்டு வான்னு அனுப்பினார்." அவள் கையை நீட்டினாள். "பேனாவைக் குடுங்கோ."

அதிகாரி வெளியே பார்த்தார். நடையில் பத்துப் பெண்கள் சுவரோரமாய் நின்றார்கள்; குளோரினில் வெந்து தோலுரிந்த கைகள்.

"இவங்க எல்லாம் எதுக்கு? ஒருத்தர் சொன்னாப் போதும், மத்தவங்க போகலாம்."

"எங்க பேர்ல இன்னொருத்தி சொல்லக் கூடாதுய்யா," என்றாள் இசக்கியம்மாள். "அதுல பட்டது போதும். அவ அவ வாயால அவ அவ சொல்லுவா. எழுதும்."

"மணி நாலரையாச்சும்மா. எல்லாத்தையும் இன்னிக்கே எழுத முடியாது."

"நாளைக்கு வாறோம். நாளான்னைக்கும் வாறோம். வேலையிலிருந்து எடுத்துட்டாருன்னா எங்களுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?"

அதிகாரி புதிய தாள் ஒன்றை இழுத்தார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டை மெஹபூப் பாஷாவிடம் கொடுத்தார். அதற்குமேல் எந்த உறுதியும் சொல்லவில்லை. இசக்கியம்மாள் நாற்காலியில் அமர்ந்தாள்.

கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்த சூடாமணி வாசலை நோக்கி நடக்கவில்லை. பெண்களைக் கடந்துபோய், வரிசையின் கடைசியில் நின்றாள்.

"மாமி, உன்னுது முடிஞ்சிடுச்சே," என்றான் மெஹபூப் பாஷா. "பெரியவரு அங்க தனியா கீறாரு. நீ போயேன்."

"செவ்வாய்க்கிழமைதான் முடிஞ்சுது, பாய். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் ஒங்காத்துக்காரி பேர்ல நின்னேன். அதையும் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

மெஹபூப் பாஷா சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு ஆட்டோ சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, வடபழனியில் அந்த டயாலிசிஸ் மையம் எந்தத் தெருவில் என்று கேட்டான்.

"இங்க முடிய நேரமாவும். பெரியவர நான் போயி கூட்டியாரேன். நீ வரிசைய வுடாத."